இரண்டேகால் வயதுக் குழந்தையைத் தீம் பார்க்குக்கு அழைத்துப் போகலாமா?

பாலக்காடு மாவட்டத்தில் தமிழ்நாட்டு எல்லையோரம் உள்ள கொழிஞ்சாம்பாறைக்கு அருகிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கும் கேள்வி இது. மகளுக்கு இரண்டு வயது மூன்று மாதம். கொச்சியில் உள்ள வொண்டர்லா தீம் பார்க்குக்கு ஒரே நாளில் போய்வருவது என்று வீட்டில் முடிவாகியிருக்கிறது. மாமனாரும் மாமியாரும் உடன் வருகிறார்கள். குழந்தைக்கு அங்கே என்ன இருக்கும், எதையெல்லாம் எடுத்துப் போக வேண்டும், தண்ணீரில் இறக்கலாமா என்று கேட்கிறார். நான் அரசு மருத்துவமனை ஒன்றின் குழந்தைகள் பிரிவில் இருபத்தெட்டு ஆண்டுகள் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். இரண்டு பேரப்பிள்ளைகளுக்கு அம்மாயி. அவர்களோடு எல்லைக்கு இருபுறமும் உள்ள பூங்காக்களுக்குப் போய் நன்றாகவும் திரும்பியிருக்கிறேன், நொந்துபோயும் திரும்பியிருக்கிறேன்.

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். இந்த ஆண்டு கொச்சி வேண்டாம். பாலக்காட்டுக்குப் பக்கத்தில் அணையும் தோட்டமும் உள்ள மலம்புழாவுக்குப் போங்கள், அதுவும் காலையில் போய் மதியத்துக்குள் திரும்பும்படி அரை நாளுக்கு மட்டும் போங்கள். கொச்சிக்குத்தான் போக வேண்டும் என்று வீட்டில் பிடிவாதமாக இருந்தால், முந்தைய நாள் மாலையே போய் அங்கே ஓர் இரவு தங்கிவிடுங்கள். வொண்டர்லா மோசமான இடம் என்பதால் இதைச் சொல்லவில்லை. 2000-இல் வீகாலாண்ட் என்ற பெயரில் தொடங்கிய அந்தப் பூங்காவுக்கு எங்கள் வீட்டுப் பெரிய பிள்ளைகள் இப்போதும் ஆசையோடு போகிறார்கள். ஆனால் உங்கள் மகளின் நாள் மதிய உறக்கத்தைச் சுற்றி ஓடுவது. அந்த உறக்கம் எங்கே, எப்போது நடக்கும் என்பதை முதலில் தீர்மானித்துவிட்டு, மிச்சமுள்ள நேரத்தில்தான் பூங்காவை வைக்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்த வயதில் ஒரு குழந்தைக்கு இரவும் பகலும் சேர்த்துப் பன்னிரண்டு மணி நேரம் போல உறக்கம் வேண்டும். அதில் ஒன்றரை, இரண்டு மணி நேரம் பகலில், பெரும்பாலும் பன்னிரண்டரைக்கும் மூன்றுக்கும் இடையில் அமையும். கொழிஞ்சாம்பாறையிலிருந்து வொண்டர்லா இருக்கும் பள்ளிக்கரைக்கு ஏறத்தாழ 150 கிலோமீட்டர். குதிரான் சுரங்கப்பாதை வந்த பிறகு அந்த மலைப்பகுதியில் லாரிகளின் பின்னால் ஊர்ந்து போகும் அவதி தீர்ந்துவிட்டது என்றாலும், திருச்சூரையும் அங்கமாலியையும் ஆலுவாவையும் தாண்டிப் போய்ச்சேர, குழந்தைக்காக இரண்டு இடங்களில் நிறுத்துவதையும் சேர்த்தால், நான்கு மணி நேரத்தை ஒதுக்க வேண்டியிருக்கும். காலை ஆறரைக்குக் கிளம்ப வேண்டுமானால் ஐந்தரைக்கே எழுப்ப வேண்டும். எழுப்பிய குழந்தை காரில் ஏறியதும் மீண்டும் உறங்கிவிடும். அது பகல் உறக்கத்தின் பங்கைத் தின்றுவிடும், ஆனால் அதற்கு ஈடாகாது. பூங்கா திறந்து, சீட்டு வாங்கி, பையைச் சோதித்து, லாக்கர் எடுத்து உள்ளே போய் நிற்கும்போது மணி பதினொன்றரையைத் தாண்டியிருக்கும். ஒரு மணி நேரத்தில் அவள் கண்ணைக் கசக்கத் தொடங்குவாள். அப்போது நீங்கள் கொடுத்த காசு உங்களை வெளியே வரவிடாது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். என் மூத்த பேரனுக்கு இரண்டு வயது நிரம்பிய புதிதில், தொலைவில் இருந்த ஒரு பூங்காவுக்குக் குடும்பத்தோடு போனோம். நாங்கள் உள்ளே நுழைந்தபோது மணி பன்னிரண்டேமுக்கால்; அவன் என் மருமகனின் தோளிலேயே உறங்கிப்போயிருந்தான். இத்தனை தூரம் வந்து உறங்குவதா என்று எழுப்பி, சுழலும் குதிரையில் உட்கார வைத்தார்கள். இசை தொடங்கியதும் அவன் அலறிய அலறலில் இயக்குபவரே இயந்திரத்தை நிறுத்திவிட்டார். அதன்பிறகு மாலை வரை அழுகை, திரும்பும் வழியில் வாந்தி. அன்று முழுவதிலும் அவன் மகிழ்ச்சியாக இருந்தது ஓர் இடத்தில்தான். நீச்சல் பகுதிக்குப் போகும் வழியில் கால் கழுவுவதற்கென்று ஒரு சிமெண்டுத் தொட்டி கட்டியிருந்தார்கள்; அரையடி ஆழம்கூட இருக்காது. அதன் ஓரத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, உள்ளங்கையால் தண்ணீரைத் தட்டுவதும், தெறித்த துளிகள் சூடான சிமெண்டில் விழுந்து காய்வதைப் பார்ப்பதும், மீண்டும் தட்டுவதுமாக இருபது நிமிடம் இருந்தான். “வெள்ளம், வெள்ளம்” என்று அவன் சொல்லிக்கொண்டே இருந்தது இன்னும் என் காதில் இருக்கிறது. (எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தண்ணீர் என்பது அங்கன்வாடிக்குப் போகும் முன்பே மலையாளத்து வெள்ளமாகிவிடுகிறது.) அந்தத் தொட்டிக்கு ஆறு பேர் நுழைவுச் சீட்டு வாங்கியிருந்தோம்.

ஆகவே, குழந்தைக்கு அங்கே என்ன இருக்கும் என்ற உங்கள் முதல் கேள்விக்கு என் பதில், பெரியவர்கள் எதிர்பார்ப்பதைவிடக் குறைவாகவும், வேறாகவும் இருக்கும் என்பதே. பெரிய பூங்காக்களில் யார் எதில் ஏறலாம் என்பதை வயது தீர்மானிப்பதில்லை, உயரம் தீர்மானிக்கிறது. ஒவ்வோர் இயந்திரத்தின் வாசலிலும் ஓர் அளவுகோலை வரைந்து வைத்திருப்பார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி இரண்டு வயதுப் பெண் குழந்தையின் நடுத்தர உயரம் ஏறத்தாழ 86 சென்டிமீட்டர். மூன்று வயதில் ஏறத்தாழ 95. இந்த உயரத்துக்கு, மெதுவாகச் சுற்றும் குதிரை, சிறு ரயில், முழங்காலளவு நீருள்ள குழந்தைகள் குளம் ஆகியவை தவிர மற்றதெல்லாம் கீழே நின்று பார்க்கத்தான். இன்றே வீட்டுச் சுவரில் மகளை நிறுத்தி, தலைக்கு மேல் ஒரு புத்தகத்தைக் கிடைமட்டமாக வைத்து அளந்துகொள்ளுங்கள். நுழைவுச் சீட்டின் விலையும் பல இடங்களில் இந்த உயரத்தை வைத்தே கணக்கிடப்படுவதால், பூங்காவின் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் அழைத்து அந்த அளவைச் சொல்லிக் கேட்டுவிடலாம்.

மலம்புழா உங்களுக்கு ஏறத்தாழ 35 கிலோமீட்டர்தான். ஏழரைக்குச் சாவகாசமாகக் கிளம்பினாலும் வெயில் ஏறுமுன் போய்விடலாம். 1955-இல் கட்டி முடிக்கப்பட்ட அணையும், அதன் கீழே விரிந்திருக்கும் தோட்டமும், தொங்குபாலமும், மீன் காட்சியகமும், அருகிலேயே ஃபேண்டசி பார்க் என்ற கேளிக்கைப் பூங்காவும் இருப்பதால், ஒன்றில் குழந்தைக்கு மனம் ஒட்டாவிட்டால் இன்னொன்றுக்கு நகர முடியும். ஒரே வாசலுக்குள் ஒரே சீட்டில் அடைபட்டுக் கிடக்க வேண்டியதில்லை என்பது இந்த வயதுக்குப் பெரிய வசதி. என் அனுபவத்தில் மீன் காட்சியகத்தில் ஒரு குழந்தை நிற்கும் நேரம், எந்த ராட்டினத்தில் உட்காரும் நேரத்தையும்விட அதிகம். 1969-இல் கானாயி குஞ்ஞிராமன் செதுக்கிய நிர்வாண யட்சி சிலையின் முன்னால் உங்கள் மாமனார் வேறு பக்கம் பார்த்தபடி நடையைக் கட்டக்கூடும். குழந்தைகளோ அது என்ன, ஏன் இத்தனை பெரிதாக உட்கார்ந்திருக்கிறது என்று கேட்டுவிட்டு அடுத்த நிமிடம் எறும்பைப் பார்க்கப் போய்விடுவார்கள். ரோப்வேயை மட்டும் இந்த வயதில் விட்டுவிடுங்கள். நடுவழியில் இறங்க வேண்டும் என்று அவள் முறுக்கிக்கொண்டு அழுதால் உங்களால் ஒன்றும் செய்ய முடியாது. மேட்டுப்பாளையத்தில் உள்ள பிளாக் தண்டர் நீர்ப் பூங்காவையும் சிலர் சொல்வார்கள். தூரம் ஏறத்தாழ 70 கிலோமீட்டர், கோவை நகரத்து நெரிசலைப் போகும்போதும் வரும்போதும் கடக்க வேண்டும். நான்கு வயதுக்கு மேல் யோசிக்கலாம்.

எந்த நாளில் போவது என்பதில் எல்லைப்புறத்து மக்களுக்கு ஒரு தனித் தலைவலி உண்டு. பொங்கல் வந்தால் கோவையும் பொள்ளாச்சியும் மலம்புழாவுக்கு வண்டி கட்டுகின்றன. பாலக்காடு மாவட்டத்துக்கும் பொங்கலன்று உள்ளூர் விடுமுறை கிடைப்பதால் இந்தப் பக்கத்துக் கூட்டமும் சேர்ந்துகொள்கிறது. ஓணத்துக்குத் தமிழ்நாட்டுப் பக்கம் ஒதுங்கலாம் என்று புத்திசாலித்தனமாக நினைத்தால், பாதிப் பாலக்காடு அதே நினைப்போடு எல்லையில் உள்ள வாளையாரைத் தாண்டி நிற்கும். எங்கள் வீட்டில் தமிழ்க் காலண்டரும் மலையாளக் காலண்டரும் அருகருகே தொங்குகின்றன. இரண்டிலும் கறுப்பு எழுத்தாக இருக்கும் ஒரு செவ்வாயையோ புதனையோ தேர்ந்தெடுப்பதுதான் நான் கண்ட வழி. நவம்பர் முதல் ஜனவரி வரை கேரளப் பள்ளிகளின் சுற்றுலாப் பேருந்துகள் வரும் காலம் என்பதால், வார நாளாக இருந்தாலும் முந்தைய நாள் அழைத்து, பள்ளிக் குழுக்கள் எத்தனை பதிவாகியிருக்கின்றன என்று கேளுங்கள், தயங்காமல் சொல்வார்கள். மார்ச், ஏப்ரலில் நமது பாலக்காட்டுக் கணவாய்ப் பகுதியில் வெப்பம் 40 பாகையைத் தொடும். அந்த மாதங்களில் திறந்தவெளிக்குக் கைக்குழந்தையைக் கொண்டு போக வேண்டாம் என்பதைத் தவிர நான் சொல்ல ஒன்றுமில்லை.

இனித் தண்ணீர். இறக்கலாம், ஆனால் சில விஷயங்களைத் தெரிந்துகொண்டு இறக்குங்கள்.

நீரில் தத்தளிக்கும் சிறு குழந்தை கத்துவதில்லை, கையை ஆட்டுவதில்லை. திரைப்படத்தில் காட்டுவது போல எதுவும் நடப்பதில்லை. முகம் குப்புற விழுந்தால் தலையைத் தூக்கும் வலுவோ யோசனையோ அந்த வயதுக்குக் கிடையாது. இரண்டு அங்குல நீரே போதும், ஓரிரு நிமிடமே போதும். வார்டில் இருந்த காலத்தில் வாளித் தண்ணீரில் விழுந்த பிள்ளைகளைக்கூடத் தூக்கிக்கொண்டு வருவார்கள். ஆகவே குளத்தின் ஆழம் குறைவு என்பது ஆறுதல் அல்ல. பொறுப்பான பெரியவர் ஒருவர் கையை நீட்டினால் தொடும் தூரத்தில், தானும் நீருக்குள் இறங்கி நிற்க வேண்டும். இதில் கூட்டுக் குடும்பங்களுக்கு ஓர் ஆபத்து இருக்கிறது: ஒரே ஒரு பெரியவர் இருக்கும்போது தவறாத குழந்தை, நான்கு பெரியவர்கள் இருக்கும்போதுதான் தவறுகிறது, ஏனென்றால் அப்பா பார்க்கிறார் என்று அம்மாவும், மருமகள் பார்க்கிறாள் என்று மாமியாரும் இருந்துவிடுகிறார்கள். எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். “இனி நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று ஒருவர் வாய்விட்டுச் சொன்ன பிறகுதான், அதுவரை பார்த்துக்கொண்டிருந்தவர் கண்ணை எடுக்கலாம். பார்ப்பவர் கையில் கைபேசி இருக்கக் கூடாது. படம் எடுப்பது மற்றவர் வேலை.

குழந்தையின் உடல் சிறியது. எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு அதிகம். அதனால் வெயில் கொளுத்தும் நாளிலும் நீருக்குள் அவர்களுக்கு விரைவில் குளிர் ஏறிவிடும். பதினைந்து, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்து, துண்டால் போர்த்தி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். உதடு நீலம் பாய்ந்தாலோ தாடை நடுங்கினாலோ அன்றைய குளியல் முடிந்தது என்று பொருள். அவள் இன்னும் வேண்டும் என்று அழுதாலும் முடிந்ததுதான். நீர்ப் பகுதிகளில் பருத்தி உடையை அனுமதிப்பதில்லை, நைலான் போன்ற துணிதான் கேட்பார்கள்; வாடகைக்குக் கிடைக்கும் உடை இரண்டு வயதுக்குப் பெரும்பாலும் தொளதொளவென்று இருக்கும் என்பதால், முழங்கை, முழங்கால் வரை மூடும் நீச்சல் உடை ஒன்றை முன்பே வாங்கிவிடுவது நல்லது. சாதாரண டயப்பரோடு இறக்கினால் அது நீரைக் குடித்துத் தேங்காய் அளவுக்கு ஊதி, பிள்ளையை நடக்கவே விடாது. நீச்சலுக்கென்று தனி டயப்பர் இருக்கிறது. அது கெட்டியான மலத்தைத் தாங்கும், சிறுநீரையோ வயிற்றுப்போக்கையோ தாங்காது. அதனால் கடந்த இரண்டு வாரங்களில் வயிற்றுப்போக்கு இருந்த குழந்தையைப் பொதுக் குளத்தில் இறக்காதீர்கள். குளோரினுக்கும் எளிதில் சாகாத சில கிருமிகள் மற்றப் பிள்ளைகளுக்குப் பரவும். மற்றவர்களும் இப்படி நடந்துகொள்வார்கள் என்று நம்புவதற்கில்லை. ஆகவே, நீரை வாயில் எடுத்துத் துப்பும் விளையாட்டை உங்கள் மகளுக்கு யாரும் கற்றுக்கொடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேரளத்தில் 2024-லும் 2025-லும் அமீபா மூளைக்காய்ச்சல் பற்றிய செய்திகள் தொடர்ந்து வந்ததால் பல தாய்மார்கள் எந்தத் தண்ணீரையும் கண்டு அஞ்சுகிறார்கள். அந்த அமீபா தண்ணீரைக் குடிப்பதால் தொற்றுவதில்லை. மூக்கின் வழியாக நீர் வேகமாக உள்ளே ஏறும்போதுதான் அது மூளையை அடைகிறது. முறையாகக் குளோரின் கலந்த நீரில் அது பிழைப்பதில்லை. ஆகவே பூங்காவின் குளத்தில் நீர் தெளிவாக, அடித்தரை கண்ணுக்குத் தெரியும்படி இருக்கிறதா என்று பாருங்கள். குளோரின் அளவைக் குறித்து வைக்கும் பலகை இருக்கிறதா என்று கேளுங்கள். தலையிலிருந்து நீர் கொட்டும் வாளிக்கும் அருவிக்கும் அடியில் குழந்தையை நிறுத்தாதீர்கள். வழியில் வாய்க்காலைக் கண்டதும் காலை நனைத்துவிட்டுப் போகலாம் என்று வண்டியை நிறுத்தும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. கால் நனைவதோடு நிற்கட்டும், முங்க வேண்டாம். போய்வந்த இரண்டு வாரத்துக்குள் காய்ச்சலும் தலைவலியும் வாந்தியும் சேர்ந்து வந்தால், மருத்துவரிடம் குளத்தில் குளித்ததைக் கேட்காமலே சொல்லிவிடுங்கள்.

சறுக்குமரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே தீங்கு செய்வது பெரும்பாலும் அன்புதான். சின்னப் பிள்ளை தனியாக விழுந்துவிடுமே என்று அப்பாவோ மாமாவோ மடியில் வைத்துக்கொண்டு சறுக்குவார்கள். பிள்ளையின் ரப்பர் செருப்பு பக்கச் சுவரில் ஒட்டி நின்றுவிடும். பெரியவரின் எடையோ நிற்காமல் கீழே போகும். அந்த இழுப்பில் சின்னக் கால் முறுக்கிக்கொண்டு முழங்காலுக்குக் கீழ் உள்ள எலும்பு முறியும். குழந்தை தனியாகச் சறுக்கியிருந்தால் கால் மாட்டினாலும் அதன் எடைக்கு அங்கேயே நின்றிருக்கும். கோடை விடுமுறை தொடங்கியதும் வார்டுக்கு இப்படி வரும் குழந்தைகளும், கூடவே முகம் செத்து நிற்கும் தகப்பன்களும் எனக்குப் பழக்கம். மடியில் வைத்துச் சறுக்காதீர்கள். அவளால் தனியாக ஏறி உட்கார முடிகிற உயரத்தில் உள்ள சறுக்குமரம் போதும். நீங்கள் பக்கத்தில் நடந்து வாருங்கள். அதற்கு முன் உங்கள் உள்ளங்கையை அதன்மேல் வைத்துச் சூடு பாருங்கள். வெயிலில் காய்ந்த உலோகமும் பிளாஸ்டிக்கும் தொடையைச் சுட்டுவிடும்.

கையைப் பற்றியும் அப்படியே. வரிசையில் நிற்கும் பிள்ளை கீழே உட்கார்ந்து அடம்பிடிக்கும்போது மணிக்கட்டைப் பிடித்து வெடுக்கென்று தூக்குவதும், இருவர் ஆளுக்கொரு கையைப் பிடித்து நடுவில் ஊஞ்சலாட்டுவதும் முழங்கை மூட்டை நழுவச் செய்யும். நான்கு வயது வரை அந்த மூட்டின் தசைநார் அவ்வளவு தளர்ந்தது. வீக்கம் இருக்காது, காயம் இருக்காது, பிள்ளை அந்தக் கையை மட்டும் தொங்கவிட்டுக்கொண்டு எதையும் எடுக்க மறுக்கும். எண்ணெய் தேய்த்து நீவாதீர்கள். மருத்துவர் பார்த்து ஒரு திருப்புத் திருப்பினால் சில நிமிடங்களில் அதே கையால் பிஸ்கட் வாங்கிக்கொள்ளும். தூக்க வேண்டுமானால் அக்குளுக்கடியில் இரு கைகளையும் கொடுத்துத் தூக்குங்கள். உங்கள் மாமியாருக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.

உணவுக்கு இட்லியைவிடச் சிறந்தது எதுவும் இல்லை. காலையில் அவித்து ஆறவைத்து, நல்லெண்ணெயில் காரமில்லாத பொடியைக் குழைத்துத் தடவி எடுத்துப் போனால் மதியம் வரை கெடாது, கையிலேயே கொடுக்கலாம், மேலே சிந்தாது. கூடவே, தோலோடு அவித்த நேந்திரம்பழம் இரண்டு போதும். வெளி உணவை அனுமதிக்காத பூங்காக்களிலும் குழந்தைக்கான உணவை வாசலில் காட்டிச் சொன்னால் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள்; இதையும் முதல்நாளே கேட்டுக்கொள்ளலாம். உள்ளே விற்கும் பாப்கார்னையும் வேர்க்கடலையையும் முழுத் திராட்சையையும் அவள் கையில் கொடுக்காதீர்கள். இந்த வயதில் கடைவாய்ப் பற்கள் முழுதாக முளைத்திருக்காது. ஓடிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் தின்னும்போது அரைபடாத துண்டு மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். பாப்கார்ன் வாங்கித் தருவது தாத்தா அப்புச்சிமார்களின் பிறப்புரிமை என்பதால், காரில் ஏறும்போதே இதைப் பேசி முடித்துவிடுவது நல்லது.

குடிநீரை வீட்டிலிருந்தே கொண்டு போங்கள், அவள் கேட்கக் காத்திருக்காமல் அரை மணிக்கு ஒருமுறை இரண்டு வாய் கொடுங்கள். கடைசி டயப்பரை எப்போது மாற்றினீர்கள் என்பதை நினைவில் வையுங்கள். ஐந்தாறு மணி நேரமாக நனையாமல் இருந்தால் நீர் போதவில்லை. ஓஆர்எஸ் எனும் உப்பு-சர்க்கரைக் கரைசல் பொடிப் பொட்டலம் இரண்டு பையில் இருக்கட்டும். பெரிய பொட்டலம் ஒரு லிட்டர் நீருக்கானது, சிறியது 200 மில்லிக்கானது. பொட்டலத்தின் மேல் எழுதியுள்ள அளவை அப்படியே கடைப்பிடிக்க வேண்டும். ‘கொஞ்சம் கெட்டியாக’ கரைத்துக் கொடுத்தால் அதிலுள்ள உப்பே குழந்தைக்குத் தீங்கு செய்யும். பழரசம் போல விற்கும் இனிப்புப் பெட்டிகள் ஓஆர்எஸ் ஆகாது. இவை தவிர மாற்றுடை இரண்டு, துண்டு இரண்டு, தொப்பி, அவள் அணைத்துக்கொண்டு உறங்கும் பழைய துணி அல்லது பொம்மை. இந்தக் கடைசிப் பொருளை மறந்தால் மற்றதெல்லாம் இருந்தும் பயனில்லை.

கூட்டத்தில் தவறிப்போவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை; இருந்தாலும் சொல்கிறேன். பூங்கா வாசலில், அன்று உடுத்தியிருக்கும் உடையோடு அவளை முழு உருவமாக ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பதறும்போது தாய்க்கே சட்டையின் நிறம் மறந்துபோகும். உங்கள் கைபேசி எண்ணை அவள் முன்கையின் உள்பக்கத்தில் பேனாவால் எழுதி, மேலே ஒளிபுகும் பிளாஸ்டர் ஒட்டினால் தண்ணீரிலும் அழியாது. நம் பிள்ளைகள் வீட்டில் தமிழும் தெருவில் மலையாளமும் கேட்டு வளர்வதால், “மோளே, பேரெந்தா?” என்று காவலர் கேட்டால் புரிந்துகொள்வார்கள், ஆனால் பெயராகச் சொல்வது வீட்டில் கூப்பிடும் செல்லப் பெயராகவே இருக்கும். பாப்பா என்று அவள் சொன்னால் அறிவிப்பாளர் என்ன செய்வார்? ஏட்டில் உள்ள பெயரை இப்போதிருந்தே விளையாட்டாகச் சொல்லப் பழக்குங்கள். தவறிவிட்டால் முதலில் நீர் இருக்கும் பக்கம் ஓடுங்கள், தேடல் அங்கேதான் தொடங்க வேண்டும். இன்னொருவர் வெளிவாசலுக்குப் போகட்டும், மூன்றாமவர் அறிவிப்பு அறைக்கு. உதவி எண்கள் 112, குழந்தைகளுக்கு 1098. இரு மாநிலங்களிலும் ஒன்றே.

காரில் மடியில் வைத்துக்கொண்டு முன் இருக்கையில் உட்காரும் வழக்கத்தை இந்தப் பயணத்தோடு விட்டுவிடுங்கள். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, பதினான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தையை இருக்கை வார் அல்லது குழந்தைக்கான பாதுகாப்பு இருக்கை இல்லாமல் ஏற்றிச் செல்வதற்கு 1000 ரூபாய் அபராதம் உண்டு. அபராதம் கிடக்கட்டும், வண்டி திடீரென நிற்கும்போது மடியிலுள்ள பிள்ளையைக் கையால் பிடித்து நிறுத்த எந்தத் தாயாலும் முடியாது. பின் இருக்கையில் பொருத்தும் குழந்தை இருக்கை ஒன்றை, வாங்க முடியாவிட்டால் உறவினரிடமாவது கேட்டு வாங்கிப் பொருத்துங்கள். அதில் உட்கார மறுக்கும் பிள்ளையை ஒரு வாரம் முன்பிருந்தே கடைவீதி வரை அழைத்துப்போய்ப் பழக்கலாம்.

மலம்புழாவில் பதினொன்றரைக்கு இட்லியை ஊட்டிவிட்டு, பன்னிரண்டுக்குள் ஈரத்தைத் துடைத்து, உலர்ந்த பருத்தி உடையைப் போட்டு, காரில் ஏற்றிவிடுங்கள். அவள் இன்னும் விளையாடிக்கொண்டுதான் இருப்பாள். அப்படி இருக்கும்போதே கிளப்புவதுதான் சரியான நேரம், அழத் தொடங்கிய பிறகு கிளப்பினால் தாமதம். பாலக்காடு நகரத்தைத் தாண்டும் முன் உறங்கிவிடுவாள். வீடு வந்ததும் எழுப்பி முகம் கழுவ வைக்க வேண்டாம்; காரை வேப்பமரத்து நிழலில் நிறுத்தி, கதவுகளைத் திறந்து வைத்து, யாராவது ஒருவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள். ஒரு நிமிடம்கூட அவளைத் தனியாக விட்டுப் போகக் கூடாது. உங்கள் மாமியார் மதியச் சோற்றை வடிக்கும்வரை அந்தக் காவலுக்கு உங்கள் மாமனாரைவிடப் பொருத்தமானவர் கிடைக்கமாட்டார், அவரும் உறங்கிவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.